கட்டடப் பொருட்களுக்கு நீடித்து உழைக்கும் தீத்தடுப்புப் பூச்சு: உருவாக்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

தீத்தடுப்புப் பூச்சு பூசிய மரம் எரியவே எரியாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எரியும். தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்துவது, வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பது, உள்ளே இருப்பவர்கள் வெளியேறச் சில நிமிடங்கள் சம்பாதித்துத் தருவது, இவ்வளவுதான் பூச்சால் முடியும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இத்தனை வேலையும்.

"சூழலுக்கு உகந்த" என்ற அடைமொழி சேர்ந்துவிட்டால் ஒரு புதிய சிக்கல் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஸ்டார்ச், லிக்னின், பைட்டிக் அமிலம் என்று தாவர மூலப்பொருட்களைப் போட்டுக் கலக்கி, நேற்றுப் பூசிய பலகையை இன்று எரித்து, நல்ல படம் ஒன்று எடுத்ததும் வேலை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். அதே பலகை சில ஆண்டுகள் ஈரத்தில் கிடந்தபின் என்ன ஆகும் என்று எரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த வகைப் பொருட்களில் பல தண்ணீரில் கரைபவை. கரைந்து ஓடிவிட்ட பூச்சு தீயையும் தடுக்காது, சூழலுக்கும் நல்லதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் தண்ணீர்ச் சோதனை நெருப்புச் சோதனைக்கு முன்னால் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: எதன்மேல் பூசப் போகிறீர்கள், என்ன வாக்குக் கொடுக்கப் போகிறீர்கள்

இரண்டு வெவ்வேறு கேள்விகள் இங்கே அடிக்கடி குழம்பிப் போகின்றன. ஒன்று, பொருள் தானே எவ்வளவு எளிதில் தீப்பிடித்துத் தீயை வளர்க்கிறது என்பது. மற்றொன்று, முழுத் தீயில் ஒரு தூணோ சுவரோ எத்தனை நிமிடம் தாங்கும் என்பது. மரப்பலகைக்குப் பெரும்பாலும் முதல் கேள்வி. எஃகுத் தூணுக்கு இரண்டாவது.

ஐரோப்பிய முறையான ஈஎன் 13501-1, பொருட்களை மிகச் சிறந்த ஏ1 முதல் மிக மோசமான எஃப் வரை வகைப்படுத்துகிறது. புகைக்கும் எரிந்து சொட்டும் துளிகளுக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. வெற்று மரம் வழக்கமாக டி வகுப்பில் நிற்கும். நல்ல பூச்சு அதை பி வரை கொண்டுபோகலாம். அமெரிக்க முறையில், நீண்ட சுரங்கப்பாதை போன்ற கூண்டில் எரித்துப் பார்க்கும் ஏஎஸ்டிஎம் ஈ84 சோதனை. தீப்பரவல் எண் 25-க்குள் இருந்தால் ஏ வகுப்பு. எஃகின் கதை வேறு. 600 டிகிரி செல்சியஸில் அதன் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும். சோதனை உலைகளுக்கான ஐஎஸ்ஓ 834 வெப்ப வளைவிலோ ஐந்தே நிமிடத்தில் உலை 576 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 945 டிகிரி. ஆக எஃகுப் பூச்சு தடிமனாக இருக்க வேண்டும், தீயில் அது உப்பி உருவாகும் கரி உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மரத்துக்கான கலவையை அப்படியே எஃகில் பூசி எதிர்பார்ப்பது வீண்.

பூச்சு எதற்குத் தீர்வு இல்லை என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேரைப் பலிகொண்ட தீ, மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த வெளிப்புறப் பலகைகள் வழியாகப் பரவியது. உள்ளே எரிபொருளே இருக்கும்போது மேற்பரப்பில் எதைப் பூசியும் பயனில்லை.

இந்த வழிகாட்டி இனி மரம், பிளைவுட் இரண்டையும் முக்கியமாக வைத்து நகர்கிறது. எஃகு வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

படி 2: கரி எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மரம் நேரடியாக எரிவதில்லை. சூடானதும் சிதைந்து வாயுக்களை வெளியிடுகிறது. அந்த வாயுக்கள்தான் எரிகின்றன. சுமார் 300 டிகிரியைத் தாண்டியதும் செல்லுலோஸ் சங்கிலி உடைந்து லெவோகுளுக்கோசான் என்ற பொருள் உருவாகி, அதிலிருந்து எரியும் ஆவிகள் கிளம்புகின்றன. பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று அருகில் இருந்தால் பாதை மாறுகிறது. அது பாஸ்பாரிக் அமிலமாகி, செல்லுலோஸிலிருந்து தண்ணீரைப் பிடுங்கிவிடுகிறது; மிஞ்சுவது கரி. எரிபொருளாக வெளியேற வேண்டிய கார்பன் பலகையிலேயே தங்கிவிடுகிறது. இந்த வழி புதிதல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் 1821-லேயே நாடக அரங்குத் துணிகளுக்கு அம்மோனியம் பாஸ்பேட்டை முயன்று பார்த்துவிட்டார்.

உப்பிப் பெருகும் பூச்சில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அமிலம் தருபவர், வழக்கமாக அம்மோனியம் பாலிபாஸ்பேட். கார்பன் தருபவர், வழக்கமாக பென்டாஎரித்ரிட்டால். வாயு தருபவர், வழக்கமாக மெலமைன். இவற்றைப் பிணைத்துப் பிடிக்கும் பைண்டர் இளகி மாவுபோல் இருக்கும் நேரத்தில் அமிலம் கரியைக் கட்டத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் வாயு கிளம்பி அதை உப்ப வைக்க வேண்டும். வாயு முந்திக்கொண்டால் வெறும் குமிழ்கள் வெடித்துப் போகும். பிந்தினால் கரி இறுகிப் போய் உப்பாது. நீங்கள் மாற்றிப் போடும் ஒவ்வொரு தாவரப் பொருளும் இந்த நேரக்கணக்கைக் கலைக்கும். அதைத் திரும்பச் சரிசெய்வதுதான் கலவை ஆய்வின் பெரும்பகுதி.

படி 3: விலக்க வேண்டியவற்றை முதலில் விலக்குங்கள்

எளிதில் சிதையாத நச்சுக் கரிமப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் பென்டா, ஆக்டா வகை புரோமினேற்ற டைஃபீனைல் ஈதர்கள் 2009-லும், ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெக்கேன் 2013-லும், டெக்கா வகையும் குறுஞ்சங்கிலி குளோரின் பாரஃபின்களும் 2017-லும் சேர்ந்தன. இவற்றைத் தொடவே வேண்டாம். ஆன்டிமனி ட்ரைஆக்சைடு இத்தகைய புரோமின், குளோரின் (ஹாலோஜன்) சேர்மங்களுக்குத் துணையாகத்தான் வரும். அவை போனால் இதுவும் போகும்.

சிக்கல், "பசுமை" என்று பலர் நம்பும் பொருட்களில் இருக்கிறது. போரிக் அமிலம் இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் 2010-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் கவலைக்குரிய பொருட்கள் பட்டியலில் ஏறிவிட்டது. மெலமைன் 2023 ஜனவரியில் ஏறியது. ஆகவே மெலமைனை ஒப்பீட்டுக் கலவையில் மட்டும் வைத்துக்கொண்டு, இறுதிக் கலவையில் குறைக்கவோ நீக்கவோ திட்டமிடுங்கள். மெலமைன்-பார்மால்டிஹைடு உறையிட்ட பாலிபாஸ்பேட் தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால் உறையிலிருந்து பார்மால்டிஹைடு கசியுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

படி 4: மாற்றுப் பொருட்களை அவற்றின் குறையோடு சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்

எல்லா மாற்றுப் பொருளுக்கும் ஒரு குறை உண்டு. குறையைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பாதி நேரம் மிச்சம்.

பைட்டிக் அமிலம் விதைகளிலும் தவிட்டிலும் இருப்பது. எடையில் சுமார் 28 சதவீதம் பாஸ்பரஸ். தாவரப் பொருளுக்கு இது மிக அதிகம். ஆனால் கடுமையான அமிலம். நேரடியாகப் பூசினால் ஆணியை அரிக்கும், மரத்தையும் மெதுவாகச் சிதைக்கும். அம்மோனியாவாலோ யூரியாவோடு சேர்த்தோ நடுநிலையாக்கினால் நல்ல தீத்தடுப்பு உப்பு கிடைக்கிறது. அந்த உப்போ தண்ணீரில் தாராளமாகக் கரைகிறது. கைட்டோசானோடு சேர்த்தால் எதிரெதிர் மின்னூட்டங்களால் இரண்டும் பிணைந்து கரையும் தன்மை குறையும். இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான் நைட்ரஜனும் தரும், கார்பனும் தரும். அது மென் அமிலத்தில் மட்டுமே கரையும் என்பதால் வழக்கமான காரத்தன்மையுள்ள டிஸ்பெர்சனில் (பைண்டர் துகள்கள் தண்ணீரில் பரவிய பால் போன்ற திரவம்) போட்டால் உடனே திரிந்துவிடும்.

ஸ்டார்ச் நல்ல கார்பன் மூலம். அது சிதையும் வெப்பநிலையும் பாலிபாஸ்பேட் அமிலம் தரத் தொடங்கும் வெப்பநிலையும் ஓரளவு ஒத்துப்போகின்றன. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதுவே உணவு என்பதுதான் வில்லங்கம். சார்பிட்டால் இன்னும் எளிதாக உப்புகிறது, ஆனால் தண்ணீரில் முழுதாகக் கரைவதால் வெளிப்புறத்துக்கு ஆகாது. லிக்னின் உறுதியான கரி தரும். பழுப்பு நிறத்தை மறைக்க முடியாது, அதிகம் போட்டால் உப்பலும் குறையும். முட்டை ஓட்டுத் தூள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். கரியை வலுப்படுத்தும் நிரப்பியாகச் சில சதவீதம் சேர்க்கலாம். அது அமிலத்தைத் தின்றுவிடும் என்பதால் அளவு மீறக் கூடாது.

கரிமம் இல்லாத வழிகளும் உண்டு. அலுமினியம் ஹைட்ராக்சைடு 200 டிகிரிக்கு அருகில் சிதைந்து தன் எடையில் சுமார் 35 சதவீதம் தண்ணீராக விடுகிறது. மக்னீசியம் ஹைட்ராக்சைடு அதே வேலையை 330 டிகிரிக்கு அருகில் செய்கிறது. இரண்டும் பாதுகாப்பானவை, ஆனால் பலன் தெரிய நிறையப் போட வேண்டும். சோடியம் சிலிக்கேட் மலிவு, நன்றாக உப்பும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைப் பிடித்து நாளடைவில் வெள்ளைத் தூளாகிவிடும். பொட்டாசியம் சிலிக்கேட்டில் இந்தத் தொல்லை குறைவு. சுட்ட வெண்களிமண்ணான மெட்டாகயோலினும் கார சிலிக்கேட்டும் சேர்ந்த ஜியோபாலிமர் பூச்சு புகையே தராது. எஃகுக்கும் சிமெண்ட் பலகைக்கும் அதை முயலலாம். ஈரத்தில் விரிந்து சுருங்கும் மரத்தின்மேல் விரிசல் விடும்.

என்னைக் கேட்டால், முதல் முயற்சியிலேயே நூறு சதவீதம் தாவரப் பொருள் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். தண்ணீரில் எளிதில் கரையாத, இரண்டாம் வகை எனப்படும் அம்மோனியம் பாலிபாஸ்பேட்டை அமில மூலமாக வைத்துக்கொண்டு, கார்பன் மூலத்தையும் வாயு மூலத்தையும் மாற்றுவதுதான் இப்போதைக்கு நியாயமான பாதை.

படி 5: ஒப்பீட்டுக் கலவையும் மாற்றுக் கலவைகளும்

ஒப்பிட ஒரு பழைய பாணிக் கலவை கையில் இல்லாமல் புதியது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. எடையில் 100 பங்குக்கு இப்படித் தொடங்கலாம்:

தண்ணீர் 20
அம்மோனியம் பாலிபாஸ்பேட், இரண்டாம் வகை 27
பென்டாஎரித்ரிட்டால் 9
மெலமைன் 9
டைட்டானியம் டைஆக்சைடு 7
வினைல் அசிட்டேட் வகை டிஸ்பெர்சன், பாதி திடப்பொருள் 26
சிதறல் துணை, நுரை அடக்கி, கெட்டியாக்கி, கெடாமல் காப்பது எல்லாம் சேர்த்து 2

பாலிபாஸ்பேட், பென்டாஎரித்ரிட்டால், மெலமைன் மூன்றும் 3:1:1 என்பது பல காலமாகப் புழங்கும் விகிதம். டைட்டானியம் டைஆக்சைடு வெண்மைக்காக மட்டும் இல்லை. அதிக வெப்பத்தில் பாஸ்பேட்டோடு வினைபுரிந்து டைட்டானியம் பைரோபாஸ்பேட்டாகி, கரி எரிந்து போனபின்னும் ஒரு வெள்ளைக் கூட்டை நிறுத்தி வைக்கிறது. எஃகுக்கு இது முக்கியம். பைண்டரில் குறுக்குப் பிணைப்பு அதிகமானால் உப்பல் நின்றுவிடும், குறைவானால் பூச்சு வழிந்து இறங்கும்.

அடுத்து, பென்டாஎரித்ரிட்டாலில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, பிறகு முழுவதும் என்று ஸ்டார்ச்சாக மாற்றுங்கள். மெலமைனையும் அதேபோல் படிப்படியாகக் குறைத்துத் தனி வரிசை செய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. திசை தெரிந்தபின் மூன்று கூறுகளையும் முக்கோண வரைபடத்தில் வைத்து, பத்துப் புள்ளிகள் அளவில் கலவை வடிவமைப்புச் சோதனை செய்யலாம்.

படி 6: கலக்குதல், பூசுதல்

தண்ணீரில் சிதறல் துணையைப் போட்டு, அதிவேகக் கலக்கியில் டைட்டானியம் டைஆக்சைடை முதலில் நன்றாகச் சிதறடியுங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து பாலிபாஸ்பேட், கார்பன் மூலம், வாயு மூலம். கடைசியில் பைண்டர். கலவை 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. சூட்டில் பாலிபாஸ்பேட் நீர்ப்பகுப்பு அடைந்து கலவை கெட்டியாகும். உறையிட்ட பாலிபாஸ்பேட்டை, சிறு உருண்டை மணிகளால் அரைக்கும் ஆலையில் அரைத்தால் உறை உடைந்து, கொடுத்த பணம் வீண். சூட்டில் விரியும் கிராஃபைட் சேர்ப்பதானால் கடைசியில், கரண்டியால் கலக்கும் மென்மையோடு.

பூசும் முன் பலகையை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் எடை மாறாத வரை வையுங்கள். தடிமனைக் கணக்குப் போட்டே பூசுங்கள். சதுர மீட்டருக்கு 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 1.35, ஆக ஈரப் படலம் சுமார் 300 மைக்ரான். கன அளவில் திடப்பொருள் 54 சதவீதம் என்றால் காய்ந்தபின் சுமார் 160 மைக்ரான். அது 30 மடங்கு உப்பினால் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கரி. ஒரே பூச்சாக அடிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். தடிமனான ஈரப் படலம் காயும்போது சேறுபோல் வெடிக்கும்.

படி 7: நெருப்புக்கு முன் தண்ணீர்

எல்லாக் கலவைக்கும் குறைந்தது ஆறு பலகைகள் செய்து, மூன்றை அப்படியே வைத்து, மூன்றை நனையுங்கள். விளிம்புகளை எபாக்சியால் அடைத்து, அளந்த காய்ச்சி வடித்த தண்ணீரில் 24 மணி நேரம் மூழ்க வையுங்கள். ஒரு மணி, நான்கு மணி, 24 மணி நேரத்தில் தண்ணீரின் மின்கடத்து திறனை அளந்து குறியுங்கள். கைக்கு அடக்கமான மீட்டரே போதும். உப்புக் கரைவது அதில் உடனே தெரியும். முதல் மணி நேரத்தில் ஏறிப் பின் நின்றுவிட்டால் மேற்பரப்பில் இருந்த உப்பு மட்டும் போயிருக்கிறது. ஏறிக்கொண்டே இருந்தால் பூச்சு காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பலகையை மறுபடி காயவைத்து, இழந்த எடையைப் பூச்சின் எடையில் சதவீதமாக எழுதுங்கள்.

மூழ்கவைப்பது மட்டும் போதாது. உட்புறத்தில் பூச்சைக் கொல்வது ஈரக்காற்று. 90 சதவீத ஈரப்பதத்திலும் உலர்ந்த காற்றிலும் மாறி மாறிச் சில வாரங்கள் வையுங்கள். வெள்ளைப் பூப்போல் உப்புப் படிந்தால் அந்தக் கலவையை ஒதுக்கிவிடலாம். கூடவே பூஞ்சையைக் கவனியுங்கள். பாஸ்பரஸ், நைட்ரஜன், ஸ்டார்ச் மூன்றும் சேர்ந்தது கிட்டத்தட்ட உரம் போட்ட நிலம். பூஞ்சைக்கொல்லியை அள்ளிப் போட்டு இதைச் சமாளித்தால், சூழலுக்கு உகந்தது என்று சொல்லும் உரிமை போய்விடுகிறது.

இது வெறும் ஆய்வகக் கவலை இல்லை. 1980-களில் அமெரிக்காவில் தீத்தடுப்பு உப்பு ஏற்றிய பிளைவுட்டைக் கூரைகளில் பயன்படுத்தினார்கள். கூரையின் சூட்டிலும் ஈரத்திலும் அந்த உப்புகள் அமிலமாகி, தீயே இல்லாமல் மரத்தைச் சிதைத்தன. பலகைகள் கருத்து, நொறுங்கும் நிலைக்கு வந்தன. பாஸ்பரஸ் தீயில் செய்யும் அதே வேலை, மெதுவாக, முன்கூட்டியே நடந்துவிட்டது. டென்மார்க்கில் 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மக்னீசியம் ஆக்சிகுளோரைடு பலகைகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராகக் கசிந்து, ஆணிகளையும் மரச் சட்டங்களையும் கெடுத்தன. ஆகவே முதுமையாக்கிய பலகையின் வளைவு வலிமையையும் அளந்து பாருங்கள்.

மேல்பூச்சு அடித்தால் கரைவது வெகுவாகக் குறையும். ஆனால் இறுக்கமான, தடித்த மேல்பூச்சு உப்பலை அமுக்கிவிடும். மேல்பூச்சோடு சேர்த்து எரித்துப் பார்க்காத முடிவை நம்பாதீர்கள். முறையான சோதனைக்கு மரப் பொருட்களின் தீத்தடுப்பு நீடிப்பை வகைப்படுத்தும் ஈஎன் 16755 இருக்கிறது. செயற்கை மழை, வெயிலுக்கு ஏஎஸ்டிஎம் டி2898.

படி 8: சிறிய தீயில் வடிகட்டுதல்

நனைந்ததும் நனையாததுமாக இரண்டு வகைப் பலகையையும் இப்போது எரியுங்கள். வாயு பர்னர், நிலையான தூரம், பலகையின் பின்புறம் வெப்பநிலை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள், ஒரு தராசு, ஒரு கடிகாரம். குறிக்க வேண்டியவை: பின்புறம் 200 டிகிரியைத் தொட எடுத்த நேரம், எடை இழப்பு, உப்பிய உயரம், குறுக்கே அறுத்தால் தெரியும் கரி ஆழம். பாதுகாக்காத மென்மரம் தரநிலைத் தீச்சோதனையில் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் கரியாகும் என்பதை ஒப்பீட்டுக்கு நினைவில் வையுங்கள். இதைப் புகைக்கூண்டிலோ திறந்த வெளியிலோ மட்டும் செய்யுங்கள். அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு, பாஸ்பரஸ் புகை எல்லாம் வரும்.

கரியின் உயரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். பெரிய துளைகளோடு உயரமாக நிற்கும் கரியைவிட, சிறு அறைகளோடு குட்டையாக இருக்கும் கரி பெரும்பாலும் நன்றாகக் காக்கும். விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், மின்விசிறிக் காற்றில் வைத்துப் பாருங்கள். உதிர்கிறதென்றால் உண்மையான தீயின் காற்றோட்டத்திலும் அது உதிரும்.

படி 9: கோன் கலோரிமீட்டர்

தேறிய இரண்டு மூன்று கலவைகளை மட்டும், கூம்பு வடிவ வெப்பமூட்டியால் துண்டை எரித்து வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கோன் கலோரிமீட்டரில் ஐஎஸ்ஓ 5660 சோதனைக்கு அனுப்புங்கள். 100 மில்லிமீட்டர் சதுரத் துண்டு, சதுர மீட்டருக்கு 35 அல்லது 50 கிலோவாட் வெப்பம். எரிய ஒரு கிலோ ஆக்சிஜன் செலவானால் சுமார் 13.1 மெகாஜூல் வெப்பம் வெளிப்படும் என்ற விதியை வைத்து, குறைந்துபோன ஆக்சிஜனிலிருந்து கருவி வெப்பத்தைக் கணக்கிடுகிறது.

இங்கே சில பொறிகள் உண்டு. வழக்கமாக வெப்பக் கூம்புக்கும் துண்டுக்கும் இடையே 25 மில்லிமீட்டர்தான். உப்பும் பூச்சு கூம்பையே தொட்டுவிடும். 60 மில்லிமீட்டர் தூரம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒப்பீட்டுத் துண்டுக்கும் அதே தூரம். தீப்பிடிக்கும் நேரம் வெற்று மரத்தைவிடக் குறைந்திருந்தால் பதற வேண்டாம்; பைண்டர் சிறிது எரிந்து அணைந்திருக்கலாம். உச்ச வெப்பம், மொத்த வெப்பம், மிஞ்சிய எடை, புகை நான்கையும் சேர்த்துப் படியுங்கள். வெற்று மரத்தின் வளைவில் தொடக்கத்தில் ஒன்று, வெப்பம் பின்புறத்தை எட்டும்போது ஒன்று என இரண்டு சிகரங்கள் வரும். இரண்டாவதைத் தள்ளிப்போடும் கலவைதான் உண்மையில் காப்பாற்றுகிறது. புகை அதிகரித்திருந்தால் மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் போய்க் கலவையை மாற்றுங்கள். தீ விபத்துகளில் பலரைக் கொல்வது புகைதான்.

படி 10: சூழல் கணக்கு

கிலோவுக்கு எவ்வளவு கார்பன் என்று ஒப்பிடுவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமான ஏமாற்று. ஒரு சதுர மீட்டரை, இன்ன வகுப்பில், இத்தனை ஆண்டு காக்க என்ன செலவாகிறது என்பதே சரியான அலகு. ஒரு கணக்குக்கு: பழைய கலவை சதுர மீட்டருக்கு 400 கிராம், 20 ஆண்டு நிற்கிறது. தாவரக் கலவை 600 கிராம், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு. அதே 20 ஆண்டுக்கு 2,400 கிராம், ஆறு மடங்கு. கூடவே கரைந்தோடிய பாஸ்பேட் நீர்நிலைகளில் பாசியை வளர்க்கும். இந்த எண்களை, பொருளின் வாழ்நாள் முழுவதற்கும் சூழல் பாதிப்பைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 14040, 14044 முறையில் எழுதி வைத்தால், பின்னர் ஈஎன் 15804-படி சூழல் அறிக்கை தயாரிப்பது சுலபம். உட்புறப் பூச்சானால் ஆவியாகும் கரிமப் பொருட்களுக்கு ஈஎன் 16516 அறைச் சோதனையும் செய்யுங்கள்.

படி 11: சான்றிதழும் தளமும்

ஐரோப்பிய வகுப்புக்கு ஈஎன் 13823, எஃகுக்கு ஈஎன் 13381-8 போன்ற பெரிய சோதனைகள் செலவு மிக்கவை; ஒருமுறை தோற்றால் பட்ஜெட் காலி. அதனால் முந்தைய படிகளில் கண்டிப்பாக இருங்கள். சான்றிதழ் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கு: இந்த மரம், இந்த தடிமன், இந்த அளவுப் பூச்சு, இந்த மேல்பூச்சு. அடிப்பலகையை மாற்றினால் சான்றிதழ் பொருந்தாது.

தளத்தில் சீப்பு அளவியால் ஈரப் படலத்தையும், சதுர மீட்டருக்குச் செலவான கிலோவையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பூசுபவர் தண்ணீர் கலந்து நீட்டுவதுதான் நல்ல கலவையும் தோற்கும் வழக்கமான வழி. கட்டடத்தில் நிலையான இடத்தில் ஒரு தகடு ஒட்டுங்கள்: பூச்சின் பெயர், அளவு, பூசிய தேதி, மறுஆய்வுத் தேதி, மேலே சாதாரண பெயின்ட் அடிக்கக் கூடாது என்ற வரி. ஒவ்வொரு பணியிலும் சில துண்டுப் பலகைகளை அதே நாளில் பூசி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு மூலையில் தொங்கவிடுங்கள். மறுஆய்வு நாளில் சுவரைச் சுரண்டாமல் அந்தத் துண்டுகளை எடுத்து, படி 7-இல் செய்தபடி நனைத்து, படி 8-இல் செய்தபடி எரித்து, முதல் நாள் எண்களோடு ஒப்பிடலாம்.